பத்தாவது தூக்குச்சட்டி

“தொடாதீங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?”

“நீ சொல்லுததுக்கு முந்தியே…”

“மூணு தடவ சொன்னேன்.”

“…வாயில போட்டாச்சு, ஞானப்பூ.”

“துப்புங்க.”

“முழுங்கியாச்சு.”

“எத்தன வாய்?”

“எண்ணிக்கிட்டா திம்பாங்க?”

“எக்கா, சட்டியே காலியா இருக்கு.”

“பசிச்சுது.”

“எனக்குந்தான் பசிக்கு. கருவாட்டுக் குழம்ப நெனச்சா எனக்கு மிஷினே கண்ணுக்குத் தெரியல. நான் கைய வச்சேனா?”

வைக்கவில்லை. அவள் வைக்க மாட்டாள்.

நாங்கள் ஒன்பது பேர். தூக்குச்சட்டி பத்து. நூல் மில்லில் மூன்றாம் ஷிப்டுக்கு எப்போதும் அப்படித்தான். இரவு இரண்டு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு கேன்டீன் பெஞ்சில் உட்காருவோம். கொண்டுவந்த சட்டிகளை நடுவில் வைப்போம். எண்ணினால் பத்து இருக்கும். பத்தாவதை யாரும் எண்ணுவதில்லை. அதுதான் மரியாதை.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தன் சட்டியிலிருந்து எடுத்து நம் கையில் வைத்தால் அது பங்கு. பங்கை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். நாமாகக் கைவிட்டு எடுத்தால் அது முறை. யார் சட்டியில் கைவிட்டோமோ, அவள் ஷிப்டை நாம் பார்க்க வேண்டும். காய்ச்சல்காரி, வீட்டில் சாவு விழுந்தவள், இவர்களெல்லாம் சட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி உட்காருவார்கள். இரக்கப்பட்ட ஒருத்தி கைவிடுவாள். மற்றவள் வீட்டுக்குப் போவாள். எழுத்து கிடையாது. கை போதும்.

பத்தாவது சட்டி மூடியே இருக்கும். அன்று மூடி ஒரு விரல்கடை விலகியிருந்தது.

மூன்று மாதமாக மில்லில் எங்களுக்கு வயிற்று ஒழுங்கு என்று ஒரு சட்டம் வந்திருந்தது. வேலைக்கு வருமுன் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். இரண்டு மணிக்கு இரண்டு இட்லி அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். ஒரு வாழைப்பழம். மோர் உண்டு, தயிர் கிடையாது. எண்ணெயில் பொரித்தது கிடையாது. மூன்று மணிக்கு மேல் டீ கிடையாது. சுவரில் பெயின்ட் அடித்து எழுதிப் போட்டிருந்தார்கள். ‘நீங்கள் விழித்திருக்கலாம், வயிற்றை எழுப்பாதீர்கள்’ என்பது கடைசி வரி.

நல்ல விஷயம்தான். எனக்கு நெஞ்செரிச்சல் போயிற்று. கால் வீக்கம் வடிந்தது. ஆனால் ராத்திரி முழுக்க ஓடுகிற நூலைப் பார்த்துக்கொண்டு ஒன்றையே நினைத்தேன். சுடுசோறு. ஆட்டுக்கறிக் குழம்பு. மேலே ஒரு அப்பளம்.

பத்தாவது சட்டிக்குள் அதுதான் இருந்தது. இரண்டு மணிக்கும் சோற்றில் ஆவி பறந்தது. அப்பளம் நமத்துப் போகவில்லை.

“அப்பவே யோசிச்சிருக்கணும்,” என்றாள் ஞானப்பூ. “மூடி போட்ட சட்டியில அப்பளம் நொறுங்குமா?”

“நொறுங்குச்சு.”

“பயமா இல்லையா உங்களுக்கு?”

“திங்கும்போது இல்ல.”

பெஞ்சின் கோடியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் அதுவரை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மில் சேலையின் பழைய நிறத்தைக் கட்டியிருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டினாள். அது பஞ்சில்லை, நரை.

“தின்னுட்டியா தாயி?” என்று என்னைக் கேட்டாள்.

“தின்னுட்டேன்.”

“நீயாத்தான எடுத்த?”

“நானாத்தான் எடுத்தேன்.”

“நான் குடுக்கலையே?”

“குடுக்கலை.”

அவள் மூச்சு விட்டாள். ரொம்ப நாளாக அதைப் பிடித்து வைத்திருந்தாள் போலிருந்தது.

“பஸ்ஸு இன்னும் புளியமரத்துக்கிட்டதான நிக்குது?”

“அங்க மரமே கிடையாதேம்மா,” என்றாள் ஞானப்பூ.

“வெட்டிட்டாங்களா.” குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “இருந்தாலும் யாராவது இருப்பாங்க வீட்டுல.”

ஓடினாள். கேன்டீனிலிருந்து கேட் பன்னிரண்டு எட்டு வைக்கிற தூரம்தான். அவள் ஓடுகிற சத்தம் கால் மணி நேரம் கேட்டது.

சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. க. வேலுத்தாய். என் பேர்தான். இனிஷியலும் சரி. தடவினேன். இப்போதுதான் வெட்டியதுபோல் எழுத்து சுட்டது.

அந்த நேரத்துக்கு தாணுலிங்கம் அண்ணாச்சி வந்தார். அவர் வயிற்று மேஸ்திரி. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதைக் கவிழ்த்து வயிற்றில், சேலைக்கு மேலேதான், வைத்து மறுபக்கம் காதைக் கொடுப்பார். வயிறு உள்ளதைச் சொல்லும். வயிற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

முதலில் ஞானப்பூவுக்கு வைத்தார்.

“கொண்டக்கடல இருவத்தெட்டு. பழம் ஒண்ணு. தூங்குது.” நிமிர்ந்தார். “ஞானப்பூ வயிறு மாதிரி வயிறு இந்த மில்லுல கிடையாது.”

ஞானப்பூ வெட்கப்பட்டாள்.

எனக்கு வைத்தார். வெகுநேரம் கேட்டார். ஒருமுறை டம்ளரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“முழிச்சிருக்கு,” என்றார்.

“என்ன சொல்லுது அண்ணாச்சி?”

“பேரு கேக்குது.”

“என் பேரா?”

“உன் பேரு அதுக்குத் தெரியும். அடுத்தவ பேரு கேக்குது.”

மற்ற ஏழு பேரும் அவரவர் சட்டியை மூடினார்கள். மூடிகள் ஒன்றாகச் சத்தமிட்டன.

“அண்ணாச்சி, நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும். மகள எழுப்பணும்.”

“எத்தன வயசு?”

“பதினாலு.”

“பதினாலு வயசுப் பிள்ள தானா எழும்பாதா?”

எழும்பாது. செண்பகம் என் குரலுக்குத்தான் எழும்புவாள். போன வருஷம் ஒருமுறை டபுள் ஷிப்ட் பார்த்தேன். இரண்டு நாள் தூங்கினாள். வேறு ஆள் கிடையாது வீட்டில். அலாரம் வைத்துப் பார்த்தோம். அலாரம்தான் களைத்துப் போயிற்று.

இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மூன்று கேள்விகள். தின்றது யார். தின்னக் கொடுத்தது யார். சோற்றுக்குச் சொந்தக்காரி கையெழுத்து.

“சொந்தக்காரி போயிட்டாளே அண்ணாச்சி.”

“சட்டியப் பாத்துட்டுச் சொல்லு.”

பார்த்தேன்.

“அப்ப நானே கையெழுத்துப் போடவா?”

“போடு.”

போட்டேன். படிவத்தை நான்காக மடித்தார்.

“எதுக்குப் போட்டன்னு வாசிச்சியா?”

“இல்லையே.”

“அதுவும் நல்லதுதான்,” என்று பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு மில் சங்கு ஊதியது. சட்டியைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். கையைப் பார்த்தேன், சட்டி இருந்தது. ஞானப்பூ என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பன்னெண்டு எட்டு. எண்ணிக்கிட்டே வாங்க.”

எண்ணினோம். அவள் பன்னிரண்டு என்றபோது கேட்டில் நின்றாள். நான் பன்னிரண்டு என்றபோது கேட்டுக்குப் போகிற வராந்தாவில் நின்றேன். எங்கள் கைகள் கோத்தபடிதான் இருந்தன. ஆனால் அவள் முகம் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது.

“வாங்கக்கா.”

“வந்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“நிக்கீங்க.”

“நடக்கேன், ஞானப்பூ. காலு வலிக்கு.”

வராந்தாவின் குழல் விளக்குகளை நான் அறிவேன். ஆறு விளக்கு. ஆறையும் தாண்டிவிட்டேன். ஏழாவது எரிந்தது. அதற்கப்புறமும் எரிந்தன.

“பிள்ள அழுவான்க்கா,” என்றாள். அவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அவள் வீட்டுக்குப் போகிறவரை அது தூங்காது. ராத்திரி முழுக்க மாமியார் தோளில் முழித்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

“நீ போ.”

“நான் செண்பகத்த எழுப்பிவிட்டுட்டுப் போறேன்.”

“என் குரலுக்குத்தான் எழும்புவா.”

“உங்க குரல்லயே கூப்பிடுதேன்.”

அவள் கை நழுவியது. நான் திரும்பினேன். கேன்டீன் ஒரே எட்டில் இருந்தது. கடிகாரத்தில் மணி இரண்டு.

அதிலிருந்து எனக்கு ஆறு மணிக்கு அடுத்தது இரண்டு மணி. நடுவில் பகல் வரும் இடத்தில் மிஷின் ஓடியது.

மறுநாள் ஞானப்பூ வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“எழுப்பினியா?”

“தலமாட்டுல நின்னு கூப்பிட்டேன். உங்கள மாதிரியே, ‘ஏட்டி மூதேவி, பொழுது உச்சிக்கு வந்தாச்சு’ன்னு.”

“எழும்பினாளா?”

“கண்ணத் திறக்காம, ‘அம்மா வந்தாச்சா’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்குப் பொய் சொல்ல வரலக்கா. இன்னும் இல்லன்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டா.”

நான் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கவிழ்த்தேன். நிமிர்த்தியபோது உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாளைக் கருவாடு. கத்திரிக்காய் போட்டது. கீழே சுடுசோறு.

கொட்டினேன். மறுபடி கழுவினேன். மறுபடி நிமிர்த்தினேன்.

எனக்குக் கருவாடு பிடிக்காது. ஆகையால் பயமாக இருந்தது. மூடியை இறுக்கி முந்தானையால் சுற்றிக் கட்டினேன்.

முதல் சில ராத்திரிகள் மற்ற ஏழு பேரும் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பிறகு கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தார்கள். பிறகு என் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அவள் வந்து என் மடியில் உட்கார்ந்து சுண்டல் தின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கனமும் இல்லை. நான் பெஞ்சின் கோடிக்கு நகர்ந்துவிட்டேன். அங்கே மரம் ஏற்கெனவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அவர்கள் எண்ணினார்கள். ஒன்பது பேர். சட்டி பத்து.

ஞானப்பூ மட்டும் என்னிடம் பேசினாள். முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு வரவில்லை. சட்டியைப் பார்த்துப் பேசினாள்.

“எக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“செண்பகத்துக்கு முடி வளந்துபோச்சு. கட்டிலத் தாண்டித் தரையில கிடக்கு. பின்னிவிட்டுட்டு வந்தேன்.”

“எத்தன பின்னல்?”

“ரெண்டு. வாசப்படி வரைக்கும் வருது.”

“என்ன கேட்டா?”

“அதேதான்.”

“நீ?”

“அதேதான்.”

ஒருநாள் தாணுலிங்கம் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தார். அவருக்கு என்னை நன்றாகத் தெரிந்தது.

“முந்தானைய எதுக்குச் சட்டியில சுத்தியிருக்க?”

“ஆறிப்போகும்னு.”

“அது ஆறாது.” மூக்கைச் சட்டிக்கிட்டே கொண்டுபோனார். “கருவாடு. கத்திரிக்கா போட்டது. யாருக்குப் பிடிக்கும்?”

நான் சொல்லவில்லை. என் வயிறு சொல்லிற்று. டம்ளர் இல்லாமலே இருவருக்கும் கேட்டது. கையால் பொத்திக்கொண்டேன்.

“அண்ணாச்சி, நான் எப்படிப் போக?”

“முந்தினவ எப்படிப் போனா?”

“நான் தின்னேன்.”

“அவ்வளவுதான் வழி.”

“அவளுக்குக் கைப்பிள்ள இருக்கு.”

“உனக்கு ஒரு பிள்ள இருக்கு.”

பழத்தை இரண்டாகப் பிட்டு ஒன்றை வாயில் போட்டார். மெதுவாக மென்றார். இரவில் எதையும் மெதுவாக மெல்ல வேண்டும் என்பது அவர் எங்களுக்குச் சொன்னதுதான்.

“அண்ணாச்சிக்கும் சட்டி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என்ன இருந்துச்சு அதுல?”

“புரோட்டா. சால்னா. எனக்கில்ல. எதுத்தாப்புல உக்காந்திருந்தவனுக்கு.”

“யாரு அது?”

“என் தம்பி.”

“தின்னாரா?”

“நான் மூடியத் திறக்கல.”

“தம்பி இப்ப?”

“ஷிப்ட் பாத்தான். ரிட்டயர் ஆனான். பேரன் பேத்தி எடுத்தான். செத்தும் போனான். நல்ல வயிறு அவனுக்கு.” டம்ளரைக் கவிழ்த்துத் தன் வயிற்றில் வைத்தார். “கேட்டுப் பாரு.”

காதை வைத்தேன். உள்ளே ஒரு வராந்தா இருந்தது. விளக்கெல்லாம் எரிந்தன. யாரும் நடக்கவில்லை.

“உங்க வீட்டுல யாரும் உங்களுக்காக…”

“இருந்தாங்க,” என்றார். மீதிப் பழத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். “ராத்திரிக்குப் பழம்தான் நல்லது.”

நான் மேலும் பத்துப் பதினைந்து ராத்திரி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வேண்டும். இரண்டு மணி ஆனதும் மூடி உள்ளிருந்து முட்டும். இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்வேன். விரல் நகமெல்லாம் வெளுத்துப்போகும். எதிரே ஞானப்பூ தன் சுண்டலை ஒன்றொன்றாகத் தின்பாள். நடுவில் தலையைத் தூக்கி மூக்கை விரிப்பாள்.

“என்ன வாசம்க்கா?”

“ஒண்ணுமில்ல. நீ தின்னு.”

நேற்று இரண்டு மணிக்கு ஞானப்பூ வந்தபோது சுண்டல் கிண்ணம் இல்லை. கண் சிவந்திருந்தது.

“திங்கலையா?”

“வீட்டுலயும் திங்கல. பொழுது சாஞ்சதுலேருந்து செண்பகத்துக்கிட்டதான் இருந்தேன். அங்கேருந்து நேரா வாரேன். இங்க வந்தா கேன்டீன்ல சுண்டல் காலி.”

“இன்னைக்கு என்ன கேட்டா?”

அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஞானப்பூ. என்ன கேட்டா?”

“ஒண்ணும் கேக்கல.”

“அம்மா வந்தாச்சான்னுகூடவா?”

“கேக்கலக்கா. கண்ணாடிய மூக்குக்கிட்ட வச்சுப் பாத்தேன். மூச்சு இருக்கு. ஒண்ணு வந்துட்டு அடுத்தது வர நேரமாகுது.”

“எவ்வளவு நேரம்?”

“நான் ஒரு ஜெபம் சொல்லி முடிச்சேன். அப்புறம் வந்துச்சு.”

“பெரிய ஜெபமா, சின்னதா?”

“பெருசு.”

மற்றவர்கள் சத்தமாக எதற்கோ சிரித்தார்கள். மோர் ஊற்றிக்கொண்டார்கள். தாணுலிங்கம் அண்ணாச்சி வாசலில் நின்று டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றிருந்தது. இந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை.

முந்தானையை அவிழ்த்தேன். மூடியிலிருந்து கையை எடுத்தேன். நான் திறக்கவில்லை. ஒரு விரல்கடை அதுவாக விலகிற்று.

ஞானப்பூ மூக்கை விரித்தாள்.

“உங்க சட்டியா?”

“என் சட்டிதான்.”

“சாளையா?”

“சாளை.”

“கத்திரிக்கா போட்டா?”

“போட்டுத்தான்.”

எச்சில் விழுங்கினாள். விழுங்கிய சத்தம் கேட்டது.

“மேஸ்திரி திட்டுவாரு.”

“திட்ட மாட்டாரு.”

“என் வயிறு நல்ல வயிறுன்னு சொல்லியிருக்காரு.”

“ஒரு நாள்தான. ஒரு வாய்தான.”

அவள் தலையை நிமிர்த்தினாள். எத்தனையோ ராத்திரிக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்தாள். ‘இங்கதான் இருக்கீங்களா’ என்பதுபோல. பிறகு கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. பங்கு கேட்கிற கை.

“எனக்கு அதுல கைவிட பயமா இருக்கு. நீங்களா ஒரு வாய் எடுத்துக் குடுங்க. தின்னுக்கிடுதேன்.”

நான் அப்போதே குனிந்து காலிலிருந்ததைக் கழற்றியிருந்தேன்.

“செருப்பத் தொட்ட கை, ஞானப்பூ. நீயே எடுத்துக்கோ.”